ஆறு நாற்பத்திரண்டுக்கு ஒரு திருத்தம்

மாலை ஐந்து இருபது. மார்கழி மாதம். புதூர்நாட்டுக்கு ஏறும் மலைச்சாலையில், கடைசி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், இடதுபக்கம் ஒரு மண்பாதை பிரியும். அங்கே ஒரு ஜீப் நின்றது. ஒரே ஒரு பெண் இறங்கினாள். ஏழேகாலுக்குத் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டு ஜீப்காரர் போய்விட்டார். அப்புறம் அந்தச் சாலையில் ஒரு வண்டிச் சத்தம்கூட இல்லை…

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நிவேதா, மெழுகுவர்த்தியை ஜன்னலை விட்டுத் தள்ளி வை. கரண்ட் வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். இது எங்கேயோ படித்த கதை இல்லை. நம் கல்பனாவின் பெரியம்மா மகள் தேவயானிக்கு, போன வருடம் நடந்தது. கல்பனாவைப் பாருங்கள். சிரிக்கிறாளா?

தேவயானி அதிகம் பேசமாட்டாள். இயற்பியல் படித்தவள். திருப்பத்தூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. குளிர்பதனக் கிடங்குகளில் இருக்கும் கணினிகளைப் பழுது பார்ப்பார்கள். அன்றைக்கு அவள் பையில் மடிக்கணினி, ஸ்க்ரூ டிரைவர், பிறகு ஒட்டிய உறைக்குள் ஒரு மெமரி அட்டை. உறையைக் கொடுத்தது அவளுடைய மேலாளர் பூபாலன். “பழசை எடுத்துட்டு இதைச் சொருகணும். அரை மணி நேர வேலை” என்றிருந்தார்.

மண்பாதையில் பத்து நிமிட நடை. இரண்டு பக்கமும் புளியமரங்கள். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. கிடங்கு தெரிவதற்கு முன்னால் அதன் வாசனை வந்தது. புளி. ஈரச் சாக்கு.

நீல நிறத் தகரச் சுவர், ஜன்னலே இல்லாத கட்டடம். மலையில் உலுக்கும் புளியைப் பங்குனி சித்திரையில் வாங்கி, கொட்டை நீக்கி, கறுக்காமலிருக்க வருடம் முழுக்க அங்கே குளிரில் அடுக்கி வைப்பார்கள். கேட்டுக்கு வெளியே ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். முந்தானையைத் தலைக்குப் போர்த்தியிருந்தாள். தேவயானியின் முகத்தைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து காவலாளி பஞ்சாட்சரம் ஓடி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். குரங்குக் குல்லா.

“வாங்கம்மா. டீ குடிக்கிறீங்களா? ஃபிளாஸ்க்குல கீது. சட்டுனு முடிச்சிட்டு, இருட்றதுக்குள்ள கெளம்பிடுங்க.”

“அவங்க யாருங்க? கேட்டுக்கு வெளியே…”

“அதுவா? திரௌபதி. அது புருஷன் பூவரசன் இங்க மூட்ட தூக்கிகினு இருந்தான். சித்திரைல எவனோ ஏஜென்ட்டு பின்னால ஆந்திராவுக்குத் திருட்டுத்தனமா செம்மரம் வெட்டப் போய்ட்டான். இது தெனம் வந்து குந்திக்கும். கண்டுக்காதீங்க.”

அந்த மலையில் ஓர் ஆணைக் காணவில்லை என்றால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. ஆந்திராவுக்குப் போய்விட்டான் என்றால் போதும். சிலர் திரும்பி வருவார்கள். சிலரைப் பற்றிச் செய்தி மட்டும் வரும். சிலரைப் பற்றி அதுவும் வராது.

தேவயானி தலையாட்டிவிட்டு நடந்தாள். பஞ்சாட்சரம் அவளுக்கு ஓர் அடி பின்னாலேயே வந்தார். அவள் நின்றால் நின்றார். குளிரறைக் கதவருகே அவள் குனிந்து பார்த்தபோது மட்டும் வரவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. அதன் உட்பக்கம், மாட்டிக்கொண்டால் திறந்து வெளியே வருவதற்கென்று ஒரு கைப்பிடி. பளபளவென்று புதிது. கதவோ துருப்பிடித்த பழைய கதவு.

“இதை எப்ப மாத்துனீங்க?”

“அது… துருப்புடிச்சிப் போச்சி.”

கதவைப் பார்க்காமலே சொன்னார்.

கணினி இருந்தது பக்கத்து அறையில். ஓர் ஆள் உட்காரலாம், அவ்வளவுதான். அங்கிருந்து குளிரறைக் கதவு தெரியாது. சுவரில் ஒரு பலகையில் சிவப்பு எழுத்தில் ‘உள்ளே: 0’ என்று எரிந்துகொண்டிருந்தது. இதே போல இன்னொரு பலகை கதவுக்கு மேல்.

அதன் வேலை இதுதான். குளிரறை வாசலில் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடு ஒன்று ஓடும். ஓர் ஆள் உள்ளே போனால் ஒரு ‘பீப்’, எண் ஒன்று கூடும். வெளியே வந்தால் ஒரு ‘பீப்’, எண் ஒன்று குறையும். பலகையில் ஒன்றோ அதற்கு மேலோ இருந்தால் கதவு பூட்டாது. சாயந்திரம் ஆறரைக்கு மேல் பூஜ்ஜியம் வந்தால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். ஏழு மணிக்குக் குளிர் இயந்திரம் ஓடத் தொடங்கும். உள்ளே யாரும் அகப்பட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

அந்த எண் தவறக் கூடாதே… அதனால் இந்தக் கணினியில் சாதாரண மெமரி போடமாட்டார்கள். பிழை திருத்தும் மெமரி. நம் கணினியில் எப்போதாவது ஒரு பூஜ்ஜியம் தானாக ஒன்றாகிவிடும், ஒன்று பூஜ்ஜியமாகிவிடும். நமக்குத் தெரியாது. இந்தப் பூஜ்ஜியம், ஒன்று ஒவ்வொன்றும் ஒரு பிட். இந்த வகை மெமரியில் அறுபத்து நான்கு பிட்டுகளுக்கு எட்டு பிட்டுகள் காவல் இருக்கும். ஒன்று மாறினால் எது மாறியது என்று கண்டுபிடித்துத் திருத்திவிடும். திருத்தியதைத் தேதி, நேரத்தோடு பதிவும் செய்துவைக்கும்.

இந்தக் கிடங்கின் கணினி அப்படித் தினமும் ஒரு பிழையைத் திருத்திக்கொண்டிருந்தது. அதனால்தான் தேவயானியை அனுப்பியிருந்தார்கள்.

அவள் பதிவைத் திறந்தாள்.

டிசம்பர் இருபது, மாலை ஆறு நாற்பத்திரண்டு. ஒரு பிழை, திருத்தப்பட்டது. டிசம்பர் பத்தொன்பது, ஆறு நாற்பத்திரண்டு. பதினெட்டு, ஆறு நாற்பத்திரண்டு. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. நவம்பர். அக்டோபர். ஒரு நாள் தவறவில்லை. ஒரு நிமிடம் தவறவில்லை. மெமரியில் அதே இடம். அதே பிட்.

பலவீனமான மெமரி இப்படி நடந்துகொள்ளாது. சூட்டுக்கு ஏற்றபடி, மின்சாரத்துக்கு ஏற்றபடி முன்னே பின்னே தவறும். கடிகாரம் பார்த்துத் தவறாது. யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. திரும்பிப் பார்த்தாள். பஞ்சாட்சரம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“சாயந்திரம் ஆறே முக்கால் மணிக்கு இந்த ரூமுக்கு யாராவது வருவாங்களா?”

“நான்கூட வரமாட்டேம்மா. ஆறரைக்கு மேல நான் என் ஷெட்டுக்குப் போய்டுவேன்.” கணினியை எட்டிப் பார்த்துக் கேட்டார். “ஏம்மா, அந்தப் பொட்டி இன்னா பண்ணுது?”

அவள் சொன்னாள். எது தவறு என்று பார்த்துத் திருத்தும், எழுதிவைக்கும்.

“அப்ப அதுவும் என்னாட்டம் ஒரு வாட்ச்மேன்தான்.” சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. “எது தப்பு, எது சரின்னு அதுக்கு எப்பிடிம்மா தெரியும்?”

நல்ல கேள்வி. ஒரு பிட் மாறினால் அது சரியாகத் திருத்தும். இரண்டு மாறினால் திருத்த முடியாது என்று கூவும். மூன்று ஒரே சமயத்தில் மாறினால்… திருத்துகிறேன் என்று, சரியாக இருப்பதைத் தவறாக்கிவிடவும் கூடும். மிக அபூர்வம். பாடத்தில் படித்ததோடு சரி, அவள் பார்த்ததில்லை.

எந்த இடத்தில் எந்த எண் இருக்கிறது என்ற அட்டவணை கணினியிலேயே இருந்தது. தினமும் பிழை விழும் இடத்தைத் தேடினாள். ‘உள்ளே இருப்போர்’ என்று காட்டியது. அந்த எண்ணின் கடைசி பிட்.

அதாவது, தினமும் ஆறு நாற்பத்திரண்டுக்கு அந்த இடத்தில் ஒன்று இருக்கிறது. கணினி அதைப் பூஜ்ஜியம் என்று திருத்துகிறது.

அப்போது போன் அடித்தது. பூபாலன்.

“மாத்திட்டியாம்மா?”

“இன்னும் இல்ல சார். பதிவைப் பாத்துக்கிட்டிருக்கேன்.”

“அதையெல்லாம் எதுக்குப் பாக்கறே? புதுசைச் சொருகு. ஏப்ரல்லேர்ந்து இருக்கற பதிவு மொத்தத்தையும் அழிச்சிட்டு வந்துடு.”

வைத்துவிட்டார்.

ஏப்ரல் என்று அவள் சொல்லவே இல்லை. அவளுக்கே அதுவரை தெரியாது. பதிவின் அடிமட்டத்துக்குப் போனாள்… ஏப்ரல் பதினேழு. ஆறு நாற்பத்திரண்டு. அதுதான் முதல் திருத்தம். சித்திரை நான்காம் தேதி.

கதவின் ‘பீப்’ ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு உண்டு. அதில் அதே நாளைத் திறந்தாள். மதியம் உள்ளே நான்கு பேர். மாலை ஆறு முப்பத்தொன்றுக்கு ஒருவர் வெளியே. முப்பத்து மூன்றுக்கு ஒருவர். முப்பத்து நான்குக்கு ஒருவர்.

அப்புறம் யாரும் வெளியே வரவில்லை.

ஆறு நாற்பத்திரண்டுக்குத் திருத்தம்: ஒன்று, பூஜ்ஜியமானது. ஆறு நாற்பத்து மூன்றுக்குக் கதவு பூட்டியது.

“உங்க நோட்டைக் காட்டுங்க” என்றாள். அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது.

பஞ்சாட்சரம் நோட்டை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டார். அவள் கையை நீட்டியபடியே இருந்தாள். கொடுத்துவிட்டார். கோடு போட்ட நீளமான நோட்டு. ஏப்ரல் பதினேழு: உள்ளே 4, வெளியே 4. கீழே கையெழுத்து.

“நாலு பேர் வெளியே வந்ததை நீங்க பாத்தீங்களா?”

“போர்டுல பூஜ்ஜியம் வந்துச்சிம்மா.”

“ஆளைப் பாத்தீங்களா?”

“மழ அன்னிக்கி. நான் ஷெட்ல இருந்தேன். அங்கேர்ந்து பாத்தா போர்டு தெரியும். பூஜ்ஜியம் வந்தா, போனவங்க அத்தினி பேரும் வெளிய வந்துட்டாங்கன்னு அர்த்தம். எப்பவும் போர்டப் பாத்துதாம்மா எழுதுவேன். எல்லாரும் அப்பிடித்தான். மூணு பேர் ஜீப்பப் புடிக்க ஓடுனாங்க. பூவரசன் வூடு இங்க கீழதான், தனியாப் போவான். போய்ட்டான்னு நெனச்சேன்…”

“காலையில?”

குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

“காலைல தெறந்தேன். உள்ள யாரும் இல்ல. சாமி சத்தியமா யாரும் இல்ல. மூட்ட மூட்டையாப் பொரட்டிப் பாத்துட்டேன். அவன் மூட்ட இழுக்கற கொக்கி மட்டும் கதவாண்ட கெடந்துச்சி. உள்பக்கம் கைப்புடி… வளைஞ்சி தொங்கிச்சி.” கதவுப் பக்கம் கை காட்டினார். “ஆளு இல்லியே. அப்ப போய்ட்டான்னுதான அர்த்தம்? யாரோ ஆந்திரான்னாங்க. நானும் ஆமான்னேன்.”

“வேற யாருக்குத் தெரியும்?”

அவர் அவளைத் தாண்டிப் பார்த்தார். வாசலில் திரௌபதி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. செருப்பில்லாத கால்.

அழவில்லை. பஞ்சாட்சரத்தை ஏசவும் இல்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

“எட்டு மாசமா கேட்டாண்ட குந்தினு இருக்கறன். தெனம் டீ குடுத்தியே அண்ணா. அந்தக் கொக்கி கெடந்தத ஒரு நாள் சொன்னியா?”

அவர் தேவயானியின் கையிலிருந்து நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“பொட்டு வெச்சிக்கவா அழிச்சிக்கவான்னு தெரியாம கெடக்கறம்மா” என்றாள் தேவயானியிடம். “அந்தப் பொட்டி இன்னா சொல்து? அவரு உள்ள கீறாரா, இல்லியா?”

‘இருக்கிறார் என்று தினமும் வருகிறது, இல்லை என்று தினமும் திருத்துகிறது.’ பதிவில் இருந்தது அவ்வளவுதான். தேவயானி அதையே சொன்னாள்.

மணி ஆறு இருபத்தெட்டு. பதிவு முழுவதையும் அழிக்காமல் தன் பென்டிரைவில் எடுத்துக்கொண்டாள். அப்புறம் கணினியை நிறுத்தி, மூடியைத் திறந்து, பழைய மெமரியை உருவினாள். ஒன்பது கறுப்புச் சில்லுகள். எட்டு நினைவுக்கு, ஒன்பதாவது காவலுக்கு. மேலாளர் கொடுத்த உறையைப் பிரித்தாள்.

அதில் எட்டுதான் இருந்தன.

சாதாரண மெமரி. காவல் இல்லாதது. பூபாலன் தெரியாமல் கொடுத்தாரா, தெரிந்தே கொடுத்தாரா… இன்றைக்கு வரை அவளுக்குத் தெரியாது. இதைப் போட்டால் கணினி ஓடும். பிழை வந்தால் பதிவாகாது. திருத்தவும் செய்யாது. அதைப் பையில் போட்டுவிட்டு, பழையதையே திரும்ப மாட்டுவதுதான் முறை.

“இன்னா ஆச்சி?” என்றாள் திரௌபதி.

தேவயானி விளக்கினாள்.

“அத்தப் போடும்மா.”

“போடக் கூடாதுங்க. கதவுக்குப் பாதுகாப்பு இல்லாம போயிடும்.”

“இருந்த பாதுகாப்பு போதும். அது திருத்தாம வுட்டா இன்னா வருதுன்னு நான் பாக்கணும். ஒரே ஒரு நாளு.”

தேவயானி எதையும் துணிந்து செய்கிறவள் இல்லை. கல்பனாவைக் கேளுங்கள். சாலையைக் கடக்கக்கூட இரண்டு முறை யோசிப்பாள். ஆனால் அன்றைக்கு அந்த எட்டுச் சில்லு அட்டையைச் சொருகினாள். சொருகும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

ஆறு முப்பத்தொன்பது. கணினி எழுந்தது. பலகையில் ‘உள்ளே: 0’. கதவு தானாக மூடிப் பூட்டிக்கொண்டது.

ஆறு நாற்பது. பனி வாசல் வரை வந்திருந்தது. பஞ்சாட்சரம் ஷெட்டுக்குப் போகவில்லை. நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குளிரறைக் கதவருகே நின்றார். திரௌபதி அவருக்குப் பக்கத்தில். தேவயானி மட்டும் கணினி அறையில், பலகையைப் பார்த்தபடி.

ஆறு நாற்பத்தொன்று.

ஆறு நாற்பத்திரண்டு…

‘பீப்’ இல்லை. யாரும் கோட்டைத் தாண்டவில்லை. பலகையில் எண் மட்டும் மாறியது.

உள்ளே: 1.

அவள் காத்திருந்தாள். மாறவில்லை. இனி திருத்த ஆளில்லை.

‘கடக்.’ பூட்டு விடுபடும் சத்தம். உள்ளே ஆள் இருந்தால் கதவு பூட்டியிருக்காது அல்லவா? தானாகத் திறந்துகொண்டது. குளிர் தரையோடு தரையாக வந்து அவள் கால்விரலைத் தொட்டது. புளி வாசனை. அதற்கு நடுவே கசப்பாக இன்னொரு வாசனை… எண்ணெய்.

வெளியே திரௌபதியின் குரல் கேட்டது. “புங்கெண்ணெ. குளிருக்குக் கால் வெடிக்கும்னு நான்தான் தடவி அனுப்புவேன்.”

அப்புறம் ஒரு சத்தம். கிடங்கின் உள்ளே, வெகு தூரத்தில். சரக்… நிற்கும். சரக்… சாக்கில் கொக்கி மாட்டி இழுக்கிற சத்தம்.

“போவாதம்மா!” பஞ்சாட்சரம் கத்தினார்.

பீப். உள்ளே: 2.

தேவயானி எழ நினைத்தாள். பலகையை விட்டுக் கண்ணை எடுத்தால் அந்த எண் என்னவாகும் என்று பயம். பூஜ்ஜியம் ஆகிவிட்டால் கதவு பூட்டிவிடும். உயிருள்ள ஒருத்தி இப்போது உள்ளே இருக்கிறாள்.

சரக்… சரக்…

நின்றுவிட்டது.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். திரௌபதி யாரிடமோ பேசுவது போல இருந்தது. வார்த்தை புரியவில்லை. பதில் பேசும் குரல் எதுவும் இல்லை. ஏழு மணியாக இன்னும் நான்கு நிமிடம்.

பீப். உள்ளே: 1.

வந்துவிட்டாள். தேவயானி மூச்சு விட்டாள்.

பீப்.

உள்ளே: 0.

கதவு மூடிப் பூட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் குளிர் இயந்திரம் ஓடத் தொடங்கியது, எப்போதும் போல.

அவள் வெளியே வந்தபோது திரௌபதி கேட்டைத் தாண்டிவிட்டிருந்தாள். பனியில் அவளுடைய செல்போன் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. பாதை அகலமானதுதான். நடுவிலேயே நடக்கலாம். அவள் ஓரமாக ஒதுங்கி நடந்துகொண்டிருந்தாள். வெளிச்சத்தையும் தன் காலடியில் காட்டவில்லை. பக்கத்தில் காட்டிக்கொண்டு போனாள்.

பஞ்சாட்சரம் கதவருகே தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு. எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேவயானி குனிந்து பார்த்தாள். அன்றைய தேதி. கீழே: உள்ளே 1, வெளியே 2.

“போர்டைப் பாத்து எழுதுனீங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிடமாட்டாரா என்று இருந்தது அவளுக்கு.

அவர் நோட்டை மூடினார்.

“இல்லம்மா. இந்த வாட்டி ஆளப் பாத்து எழுதுனேன்.”